பீய்ச்சியெடுத்த தாய்ப்பாலின் சேமிப்பும் ஊட்டத் தரமும்: இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பீய்ச்சியெடுத்த தாய்ப்பாலைச் சேமிக்கும்போது அதன் ஊட்டக்கூறுகள் அனைத்தும் ஒரே அளவில் குறைவதில்லை. சில கூறுகள் நிலைத்திருக்கின்றன, சில உருமாறுகின்றன, சில அழிகின்றன. இம்மாற்றங்களை வெப்பநிலை, காலம், ஒளி, கலன் ஆகியன தீர்மானிக்கின்றன. பரவலாக வழங்கும் சேமிப்பு விதிகளில் ‘அறைவெப்பநிலை’ என்பது பெரும்பாலும் 25 பாகை செல்சியசைக் குறிக்கிறது. இராமநாதபுரம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி இவ்வளவீடு பொருந்துவதில்லை. எனவே அவ்விதிகளை இப்பகுதிக்கேற்ப எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தாய்ப்பால், சேமிப்பு, அறைவெப்பநிலை, லைப்பேஸ், கடற்பாசி சேகரிக்கும் மகளிர், தாய்ப்பால் வங்கி

முன்னுரை

பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய் வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் இப்பரிந்துரை நிறைவேறுவது பெரும்பாலும் பீய்ச்சியெடுத்த பாலைச் சார்ந்தே அமைகிறது. பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடி முதலிய ஊர்களின் பெண்கள் அதிகாலையில் படகேறி மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கின்றனர். மீன் காயவைத்தல், மூங்கில் மிதவைகளில் பாசி வளர்த்தல் ஆகிய தொழில்களிலும் பெண்களின் பங்கு பெரிது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், பணிக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தை 15 மாதம் நிறையும்வரை நாளொன்றுக்கு இரு பாலூட்டும் இடைவேளைகளை வழங்கியது. நிறுவனம் சாராத கடல்தொழிலில் அத்தகைய இடைவேளைக்கு வழியில்லை. தாய் கடலுக்குச் சென்றிருக்கும் ஆறேழு மணி நேரத்தில் குழந்தை இரண்டு மூன்று முறை பசியாறியாக வேண்டும். அவ்வேளையில் வீட்டில் இருக்கும் பால் எத்தரத்தில் இருக்கிறது என்பதே இங்கு எழும் வினா.

சேமிப்பில் நிலைப்பவையும் மாறுபவையும்

தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர், 7 விழுக்காடு லாக்டோஸ், 4 விழுக்காடு கொழுப்பு, 1 விழுக்காடு புரதம் உள்ளன. குறுகிய காலக் குளிர்சேமிப்பில் லாக்டோஸ், தாதுப்புகள், மொத்தப் புரதம் ஆகியவை பெரிதும் மாறுவதில்லை. மாற்றம் முதன்மையாகக் கொழுப்பிலும் உயிர்ச்சத்துகளிலும் நிகழ்கிறது.

தாய்ப்பாலின் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி கொழுப்பிலிருந்து கிடைக்கிறது. பாலிலேயே இயல்பாக உள்ள லைப்பேஸ் நொதி, பால் வெளியெடுக்கப்பட்டவுடன் கொழுப்பைக் கொழுப்பமிலங்களாகச் சிதைக்கத் தொடங்குகிறது. குளிர்நிலையில் இவ்வினை மெதுவாகிறது. எனினும் வீட்டு உறைநிலைப் பெட்டியின் குளிரிலும் அது முற்றிலும் நிற்பதில்லை. சேமித்த பாலில் சில வேளைகளில் எழும் சோப்பு மணத்திற்கு இதுவே காரணம். இம்மணம் மட்டுமே பால் கெட்டதற்கு அறிகுறியன்று. சிதைந்த கொழுப்பமிலங்கள் பாலிலேயே தங்குவதால் ஆற்றல் இழப்பு ஏற்படுவதில்லை. சில குழந்தைகள் சுவை மாற்றத்தால் மறுக்கக்கூடும் என்பதே சிக்கல்.

உண்மையான கொழுப்பிழப்பு வேறொரு வழியில் நேர்கிறது. அசையாமல் வைத்த பாலில் கொழுப்பு மேலே ஏடாகப் பிரிந்து கலனின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஏட்டைத் ‘திரிந்தது’ எனக் கருதி நீக்கினாலோ, கலக்காமல் பாலாடையில் ஊற்றிப் புகட்டினாலோ குழந்தை ஆற்றல் குறைந்த பாலையே பெறும். கலனை மெல்லச் சுழற்றி ஏட்டைப் பாலுடன் சேர்ப்பது செலவற்ற தீர்வாகும்.

உயிர்ச்சத்து சி குளிர்பதனத்திலும் நாள்தோறும் குறைகிறது. ரிபோஃபிளேவின் ஒளிபட்டால் சிதைகிறது; ஆதலால் சன்னலோரத்தில் வெயில் படும்படி பாலை வைத்தல் தவிர்க்கத்தக்கது. உறையவைக்கும்போது பாலிலுள்ள உயிருள்ள வெள்ளணுக்கள் அழிகின்றன. இம்யூனோகுளோபுலின் ஏ போன்ற எதிர்ப்புப் புரதங்கள் பெருமளவு எஞ்சுகின்றன. எனவே புதிய பால் முதல் தெரிவாகவும், குளிரவைத்த பால் அடுத்ததாகவும், உறையவைத்த பால் அதற்கடுத்ததாகவும் கொள்ளப்படுகின்றன.

‘அறைவெப்பநிலை’ எனும் அளவீடு

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல்படி, புதிதாகப் பீய்ச்சிய பாலை 25 பாகை அல்லது அதற்குக் குறைந்த வெப்பநிலையில் 4 மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகையில் 4 நாள்களும் வைக்கலாம். உறைநிலையில் 6 மாதங்கள் சிறந்த வரம்பு. 12 மாதங்கள் ஏற்கத்தக்க வரம்பு. மார்கிட் ஹமோஷும் அவர்தம் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, பாலை 15 பாகையில் 24 மணி நேரமும் 25 பாகையில் 4 மணி நேரமும் வைக்கலாம் என்றும், 38 பாகையில் சேமித்தல் ஆகாது என்றும் முடிவுகூறியது.

இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்டதே இராமநாதபுரம் கடற்கரை வீடுகளின் நிலை. இங்குக் கோடை இரவுகளில்கூட வெப்பநிலை 25 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. பகலில் அது 30 பாகையைக் கடக்கிறது. தகரக் கூரையின் கீழ் வெப்பம் மேலும் உயரும். ஆகவே 4 மணி நேரம் என்பதை இப்பகுதியில் பாதுகாப்பான காலமாகக் கொள்ளாமல், எட்டக்கூடாத மேல்வரம்பாகக் கொள்ளுதல் பொருந்தும். பீய்ச்சியவுடன் குளிர்நிலைக்கு மாற்றுதலே அடிப்படை விதியாக அமைய வேண்டும்.

மண்பானை நீரில் கலனை வைத்தல் உள்நாட்டு வறண்ட ஊர்களில் பயன்தரக்கூடும். பானை குளிர்வது நீர் ஆவியாவதால்தான். கடற்காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் ஆவியாதல் குறைகிறது. பானை நீரின் வெப்பநிலை 25 பாகைக்குக் கீழ் இறங்குவது கடினம். உள்நாட்டில் நம்பத்தக்க ஒரு வழி கடற்கரையில் அவ்வளவாகப் பயன்படாமைக்கு இதுவே காரணம்.

கடற்கரையில் எளிதாகக் கிடைப்பது பனிக்கட்டி. காப்பிட்ட பெட்டியில் உறைந்த பனிப்பொதிகளுடன் பாலை 24 மணி நேரம் வரை வைக்கலாம் என்று மேற்சுட்டிய வழிகாட்டுதல் கூறுகிறது. மீனுக்குப் பயன்படுத்தும் தெர்மாகோல் பெட்டியை இதற்கு எடுத்தாளலாகாது. பாலுக்கென்றே தனிப்பெட்டி வேண்டும். மீன்பிடிப் பனிக்கட்டி குடிநீரால் ஆனதாக இருக்கவேண்டுவதில்லை. எனவே பனிக்கட்டியைக் கசியாத உறையில் கட்டி, இறுக மூடிய கலனுக்கு வெளியே வைத்தல் வேண்டும். உருகிய நீர் கலனின் வாயைத் தொடலாகாது. குளிர்ந்த பாலுடன் சூடான புதிய பாலைச் சேர்த்தல், உருகிய பாலை மீண்டும் உறையவைத்தல், அடுப்பில் கொதிக்கவைத்தல் ஆகியன தவிர்க்கத்தக்கன. வெதுவெதுப்பான நீரில் கலனை வைத்துச் சூடேற்றுதலே உரிய முறை. குழந்தை பருகி எஞ்சிய பாலை 2 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். இயலாவிடின் நீக்கிவிட வேண்டும்.

தாய்ப்பால் வங்கியும் தாயின் சொந்தப் பாலும்

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிதா ஃபெர்னாண்டஸ் முயற்சியால் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இத்தகைய வங்கிகள் செயல்படுகின்றன. இவற்றில் கொடைப்பால் 62.5 பாகையில் 30 நிமிடம் சூடேற்றப்படுகிறது. இம்முறை நோய்க்கிருமிகளை அழிக்கிறது. அதனுடன் லைப்பேசையும் செயலிழக்கச் செய்து, எதிர்ப்புப் புரதங்களின் ஒரு பகுதியையும் குறைக்கிறது. பிறர் குழந்தைக்குத் தரும் பாலில் இவ்விழப்பு தவிர்க்க இயலாதது. தன் குழந்தைக்கே சேமிக்கும் தாய்க்கு இச்சூடேற்றம் பொதுவாகத் தேவையில்லை.

இவ்வேறுபாடு கொள்கை நோக்கில் முதன்மையானது. இராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. கடல்தொழில் செய்யும் தாயின் அன்றாடத் தேவையை அவ்வங்கி நிறைவுசெய்ய இயலாது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடைப்பால் வழங்குதலே அதன் முதன்மைப் பணி. நடுவண் அரசு 2017இல் வெளியிட்ட பாலூட்டல் மேலாண்மை மைய வழிகாட்டுதல்கள், கொடைப்பால் மையங்களுடன், தாயின் பாலை அவர்தம் குழந்தைக்கே சேமித்து வழங்கும் அலகுகளையும் வகுத்துள்ளன. கடற்கரை ஊர்களுக்கு ஏற்றது இவ்விரண்டாம் வகையின் எளிய வடிவமே: ஊர் அங்கன்வாடியிலோ துணைச் சுகாதார நிலையத்திலோ பாலுக்கென ஒரு குளிர்சாதனப் பெட்டி, அதனுள் ஒரு வெப்பமானி, பெயரும் நேரமும் எழுதிய கலன்கள்.

முடிவுரை

சேமிப்பால் தாய்ப்பால் தன் பயனை இழந்துவிடுவதில்லை. உரிய குளிர்நிலையில் அதன் பெரும்பாலான ஊட்டக்கூறுகள் நிலைக்கின்றன; இழப்புகளில் சில, ஏட்டைக் கலத்தல், ஒளியைத் தவிர்த்தல் போன்ற எளிய செயல்களால் தடுக்கத்தக்கன. வெப்பநிலை ஒன்றே வீட்டளவில் முழுமையாகத் தீர்க்க இயலாத தடையாக எஞ்சுகிறது. தாய்மாருக்கு வழங்கப்படும் அறிவுரைத் தாள்களில் ‘அறைவெப்பநிலையில் 4 மணி நேரம்’ என்ற தொடர் விளக்கமின்றி இடம்பெறுமாயின், அது இக்கடற்கரையில் தவறான உறுதியையே அளிக்கும். அத்தொடருடன் 25 பாகை என்னும் நிபந்தனையையும் உள்ளூர் வெப்பநிலையையும் சேர்த்து எழுதுதல் முதற்படி. கடலுக்குச் செல்லும் தாய்க்கு எட்டும் தொலைவில் குளிர்சேமிப்பை அமைத்தல் அடுத்த படி. இவ்விரண்டும் கூடினால்தான் ஆறு மாதத் தாய்ப்பால் என்னும் பரிந்துரை இவ்வூர்களில் நடைமுறைக்கு வரும்.