திறமை மட்டும் போதுமா?



எச்-1பி விசாவிலே அமெரிக்கா போகிற கம்ப்யூட்டர் கன்சல்டன்ட்டுக்கு முதல் தேவை திறமையா, விழிப்பா? இதுதானே தலைப்பு? "திறமை இருந்தா எங்கேயும் பிழைச்சுக்கலாம்"னு எதிரணித் தலைவர் அடிச்சுப் பேசினார். ஐயா, நானும் நியூஜெர்சியிலே கன்சல்டன்ட்டா வேலை பார்த்தவன். திறமை வேலையை வாங்கிக் கொடுக்கும். அதைக் காப்பாத்திக் கொடுக்கிறது விழிப்புதான்!

காரணம் சொல்றேன். இந்த விசா 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலே பிறந்தது. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 வருஷம். பொதுவாக மொத்தம் 6 வருஷம். விசா உங்க பாஸ்போர்ட்டிலே இருக்கு; ஆனா அதுக்கு மனுப் போட்டது கம்பெனி. வேலை போனா, அங்கே தங்கும் உரிமையும் ஆட்டம் கண்டுவிடும். 2017 முதல் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. ஐ-94 தேதி அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைக்கும்தான். அதற்குள்ளே வேறே கம்பெனி மனுப் போடணும். இல்லேன்னா வேறு விசா வகைக்கு மாற மனுப் போடணும். ரெண்டும் இல்லேன்னா மூட்டை கட்டணும். வாடகை வீடு, கார் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாமே அந்த 60 நாளிலே தொங்குது!

அடுத்தது பெஞ்சு. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்திலே தப்புப் பண்ணினவனைப் பெஞ்சு மேலே ஏத்துவாங்க. அங்கே தப்பே பண்ணாதவனைப் பெஞ்சிலே உட்கார வைப்பாங்க! ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது வரும்வரை காத்திருப்பதற்குத்தான் அந்தப் பெயர். என்னையும் ஒரு கம்பெனி உட்கார வெச்சது. "ப்ராஜெக்ட் இல்லை, சம்பளமும் இல்லை"ன்னாங்க. நான் சண்டை போடலை. எழுத்திலே கேட்டேன். சம்பளம் வந்தது!

எப்படி வந்தது? எல்.சி.ஏ. என்று ஒரு தாள் இருக்கிறது. இன்ன ஊரிலே, இன்ன சம்பளத்துக்கு வேலை தருகிறோம் என்று தொழிலாளர் துறைக்குக் கம்பெனி கொடுத்த உறுதிமொழி அது. வேலை இல்லாதது கம்பெனியின் காரணம் என்றால், உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் தரணும். எல்.சி.ஏ. நகலையும் நம்ம கையிலே கொடுக்கணும். மீறினால், 12 மாதத்துக்குள் தொழிலாளர் துறையிலே புகார் செய்யலாம்.

"அதையெல்லாம் கம்பெனி வக்கீல் பார்த்துக்குவார்"னு எதிரணி நண்பர் சொல்லுவார். நண்பரே, அவருக்கு ஃபீஸ் கொடுக்கிறது யாரு? கம்பெனி!

அதனாலே, போகிற பிள்ளைகளுக்கு மூன்றே வார்த்தை. ஒன்று, சம்பள ரசீது, மனு அனுமதித் தாள், எல்.சி.ஏ. எல்லாவற்றுக்கும் நகல் உங்க கையிலே இருக்கட்டும். இரண்டு, கம்பெனி மாறுவதானால் முதலில் புது மனு, அப்புறம் ராஜினாமா. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, புது மனு போய்ச் சேர்ந்ததுமே புது வேலையிலே சேரலாம். அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று, கிரீன் கார்டு வேலையை நாலாவது வருஷத்துக்குள்ளே தொடங்கச் சொல்லிக் கேளுங்க. எந்த ஒரு நாட்டுக்கும் வருஷத்துக்கு 7 சதவீதம் என்று உச்சவரம்பு இருப்பதால், இந்தியர் வரிசை அனுமார் வால்! ஐ-140 அனுமதி கையிலே இருந்தால்தான் ஆறு வருஷத்துக்கு மேலும் அந்த வரிசையிலே நிம்மதியாக நிற்கலாம்.

தாய்மார்களே! பிள்ளைக்குப் போன் பண்ணும்போது "சாப்பிட்டியா?"ன்னு கேக்குறீங்க. கூடவே "சம்பள ரசீதைப் பத்திரமா வெச்சிருக்கியா?"ன்னும் கேளுங்க. விழிப்புதான் முதல் தேவை என்று நடுவர் தீர்ப்பளிப்பார் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.