வண்டிக்கு எந்த ஒயில்?

2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக வரிசையில் காத்துக் கிடந்த நாட்களை, ஓட்டோ ஓட்டிப் பிழைக்கும் எந்தப் பெண்ணும் மறந்திருக்க மாட்டாள். அந்த வருடம் எஞ்சின் ஒயிலின் விலையும் சேர்ந்தே ஏறியது. வழமையாக வாங்கும் கானைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்திருந்த ஒயில் பாதி விலைக்கும் குறைவு. "எல்லா வாகனத்துக்கும் விடலாம் அக்கா" என்றார் கடைக்காரர். நம்பி வாங்கினேன்.

சில நாட்களில் கிளச் வழுக்கத் தொடங்கியது. எஞ்சின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை. இரண்டு கிழமை முடிவதற்குள் பரந்தனுக்குக் கிட்ட எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஏற்றி வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேறொரு ஓட்டோவில் அனுப்பிவிட்டு வெயிலில் நின்றேன். பிஸ்டன், ரிங்ஸ் மாற்றி, சிலிண்டரைக் கடைந்து எடுக்க மூன்று மாத லீசிங் காசளவு செலவானது. பதினொரு நாள் ஓட்டமும் இல்லை.

கராஜில் தம்பி கேட்ட முதல் கேள்வி, "அக்கா, என்ன ஒயில் விட்டனீங்கள்?" எனக்குப் போத்தலின் நிறத்தை மட்டுமே சொல்லத் தெரிந்தது. அவர் கழற்றிய ஒயிலை விரலில் தொட்டுக் காட்டினார். தண்ணீர் போல இருந்தது. "பாவிச்சுக் கழிச்ச ஒயிலை வடிச்சு வித்திருக்கினம்" என்றார். அன்று அவரிடம் கேட்டுப் படித்தவற்றையும், அதற்குப் பிறகு நானே பார்த்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கானின் மேல் 20டபிள்யூ-50 அல்லது 10டபிள்யூ-30 என்று ஓர் எண் இருக்கும். அது ஒயிலின் தடிப்பைச் சொல்வது. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் உறைந்து கிடப்பதும், அதே எண்ணெய் தாச்சியில் காய்ந்தவுடன் தண்ணீராக ஓடுவதும் நாம் எல்லோரும் கண்டதுதானே. எஞ்சின் ஒயிலும் அப்படித்தான். சூடேற ஏற இளகும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் அது எப்படி ஓடும் என்பதற்கு. அந்த எழுத்தே ஆங்கிலத்தில் மாரிகாலத்தைக் குறிப்பது. பின்னால் உள்ள எண் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு எவ்வளவு தடிப்பு மிஞ்சும் என்பதற்கு. எண் கூடினால் தடிப்புக் கூட. ஓட்டோவின் சிறிய எஞ்சின் காற்றினால்தான் ஆறுகிறது. ஏ-9 வீதியில் சித்திரை வெயிலில் மூன்று பேரை ஏற்றி ஓடும்போது, ஒயில் இளகிவிட்டால் இரும்பும் இரும்பும் உரசும். அதனால்தான் ஃபோர் ஸ்ட்ரோக் ஓட்டோக்களுக்குப் பெரும்பாலும் 20டபிள்யூ-50 விடுகிறார்கள். இருந்தாலும் உங்கள் வண்டியின் கைநூலில் உள்ளதே முடிவானது. கைநூல் தொலைந்துவிட்டதென்றால் அதே மாதிரி வண்டி வைத்திருப்பவரிடம் வாங்கிப் பாருங்கள்.

அடுத்தது நான் சறுக்கிய இடம். ஓட்டோவிலும் கியர் மோட்டார் சைக்கிளிலும் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே ஊறிக் கிடக்கின்றன. பொதுவாகக் காரின் கிளச் அப்படியல்ல, வெளியே உலர்வாக இருக்கும். சில கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். காருக்கு அது நல்லது, நமது கிளச்சுக்குக் கேடு. தட்டுகள் பிடிக்காமல் வழுக்கும். ஆகவே கானில் ஜாசோ எம்.ஏ. என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளச் உலர்வானது. அவற்றில் பலவற்றுக்கு 10டபிள்யூ-30, எம்.பி. வகை போதும். ஸ்கூட்டர் வைத்திருக்கும் தங்கைமார் அதை ஓட்டோக்காரரிடம் இரவல் கொடுக்க வேண்டாம்! ஏ.பி.ஐ. என்பதற்குப் பக்கத்தில் எஸ் என்று தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு.

பழைய ரூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அதற்கு 2ரி ஒயிலைப் பெற்றோலோடு கலக்க வேண்டும். பலவற்றுக்கு ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர்.

ஒயில் அளவைப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. வண்டியைச் சமதரையில் விட்டு, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவுக் கம்பியை எடுங்கள். துடைத்து மறுபடி விட்டு எடுத்தால், ஒயில் இரண்டு கோட்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். கறுப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கரியைக் கழுவி எடுப்பது ஒயிலின் வேலை. ஆனால் தேத்தண்ணியில் பால் விட்ட நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஸ்டார்ட் பண்ணவே கூடாது. 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியில் நனைந்த வண்டிகளை அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

கம்பியை மணந்தும் பார்ப்பேன். இது அப்பாவின் பழக்கம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, கார்பரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில்தானே மோட்டார் சைக்கிள் ஓடியது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டி வடிந்து ஒயிலை இளக்கிவிடும். மணம் வந்தால் அப்பா உடனே ஒயிலை மாற்றிவிடுவார். அந்த எஞ்சின் இடப்பெயர்வு வரைக்கும் ஓடியது. அவர் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை, அண்ணாவுக்குத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

இப்போது நான் மூடி உடையாத கானாகப் பார்த்து, பற்றுச்சீட்டோடு வாங்குகிறேன். கராஜில் என் கண் முன்னால்தான் மூடி திறக்க வேண்டும். மாற்றிய திகதியையும் மீற்றர் கணக்கையும் பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதி வைக்கிறேன். கழித்த ஒயிலை முன்பு வேலிக் கட்டைகளுக்குக் கறையான் பிடிக்காமல் பூசுவோம். கிணறு பக்கத்தில் இருப்பதால் அதை விட்டுவிட்டேன். அது தோலுக்கும் கூடாது, கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கழித்ததைக் கராஜிலேயே சேர்க்கச் சொல்லிவிடுவேன். வெறும் கான்களை வாங்க ஆட்கள் வருகிறார்கள், நல்ல விலையும் கொடுக்கிறார்கள். அதற்குள் என்னத்தை ஊற்றி விற்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆணியால் நாலு ஓட்டை போட்டுத்தான் எறிகிறேன்.