அந்தப் பூட்டை யார் செய்கிறார்கள்?

நோட்டன் பிரிட்ஜில் மழை விடாத ஒரு மாலை. கொழும்பிலே கடையொன்றில் வேலை பார்க்கும் தமையன் அனுப்பிய பணம் வந்துவிட்டதா என்று கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி எம்மை நோக்கி, "வங்கிக் கணக்கைப் பிறர் பாராமல் பூட்டித்தானே அனுப்புகிறார்கள், சேர்? அந்தப் பூட்டை யார் செய்கிறார்கள்?" என்றாள்.

நல்ல கேள்வி. வங்கிகளிற் பெரும்பாலானவை தாமே பூட்டுச் செய்வதில்லை. எழுத்துக்களைச் சங்கேதமாக மாற்றும் நிரல்களைச் சிலர் எழுதித் தொகுத்து, யாவரும் எடுத்தாளுமாறு இலவசமாக வைத்துள்ளனர். அத்தகைய தொகுதிகளுள் பெயர் பெற்றது 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்பது.

2014 ஏப்ரல் 7ஆம் நாள், அப்பூட்டில் ஒரு துவாரம் இருக்கும் செய்தி வெளியாயிற்று. 'ஹார்ட்பிளீட்' என்று அதற்குப் பெயரிட்டனர். 2012 மார்ச்சில் வெளிவந்த பதிப்பிலிருந்தே அது இருந்து வந்துள்ளது.

குறை மிகச் சிறியது. உரையாடும் இரு கணினிகளுள் ஒன்று, மற்றது விழித்திருக்கிறதா என்றறிய ஒரு சொல்லை அனுப்பும். அச்சொல்லின் நீளத்தையும் கூறும். மற்றது அதையே திருப்பி அனுப்ப வேண்டும். ஓரெழுத்தை அனுப்பிவிட்டு "அறுபதாயிரம் எழுத்து அனுப்பினேன்" என்று பொய் சொன்னால்? அளந்து பாராமலே, தன் நினைவகத்தில் அருகே கிடந்தவற்றையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும்! நம் மடுவத்தில் கொழுந்தைத் தராசிலிடாமல், வாய்க்கணக்கையே பேரேட்டில் எழுதும் கணக்கப்பிள்ளையை எவரேனும் கண்டதுண்டா? ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை இவ்வாறு கசிந்தது. அதிற் கடவுச்சொற்களும் இருக்கலாம். பூட்டின் திறவுகோலே இருக்கலாம்.

நம்மவர் பலர் வாழும் கனடாவில், வருமான வரி நிறுவனம் தன் இணையச் சேவையைச் சில நாட்கள் மூடிவைத்தது. அதற்குள் ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் களவு போயின. 19 வயது மாணவர் ஒருவர் கைதானார்.

அந்த நிரலை எழுதிய ஜெர்மானியரைப் பலரும் ஏசினர். நாம் ஏச மாட்டோம். அதைச் சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. விடைத்தாள் திருத்துகின்ற எமக்கு அந்தக் கண் தவறு புதிதன்று. எமக்கு வியப்பளித்தது வேறொன்று. உலகத்துப் பெருநிறுவனங்கள் நம்பியிருந்த அத்தொகுதிக்கு நன்கொடையாய்ச் சேர்ந்தது ஆண்டுக்குச் சுமார் 2,000 டொலரே; முழுநேர ஊழியர் ஒருவரே! நிரல் எல்லார் கண்முன்னும் விரிந்து கிடந்தது. பிறர் பார்த்திருப்பர் என்று ஒவ்வொருவரும் எண்ணிவிட்டனர் போலும். ஈற்றில், கூகிளைச் சேர்ந்த நீல் மேத்தாவும், பின்லாந்தின் 'கோடெனோமிகோன்' நிறுவனத்தாரும் தனித்தனியே கண்டுபிடித்தனர். அதன் பின்னரே பெருநிறுவனங்கள் லினக்ஸ் அறநிலையத்தின் வழியாகப் பணம் கொடுக்க முன்வந்தன.

"அப்படியானால் நான் என்ன செய்வது, சேர்?"

கைத்தொலைபேசியினுள்ளும் இத்தகைய தொகுதிகள் உண்டு. அன்று ஆண்ட்ராய்டு 4.1.1 பதிப்பிலும் அதே துவாரம் இருந்தது. 'புதுப்பிக்கவும்' என்று அது கேட்கும்போது தள்ளிப்போடாதே என்றோம். மறுநாள் வந்து சொன்னாள்: புதுப்பித்துவிட்டாளாம், அந்த வாரத்து டேட்டாவும் அத்தோடு தீர்ந்துவிட்டதாம்.