பிக்கப் வண்டியும் அரசாங்கச் சலுகையும்



பிக்கப் வண்டியைத் தெரியாதவர் நம் தோட்டப்புறங்களில் இருக்க மாட்டார்கள். முன்னால் ஆட்கள் அமர இடம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. மழைக்காலத்துச் செம்மண் பாதையிலும் மேட்டிலும் தயங்காமல் ஏறும். உரமூட்டை, செம்பனைக் குலை, சந்தைக்குப் போகும் காய்கறி என்று எதையும் சுமக்கும். தோட்ட வேலையை மட்டும் நம்பியிராமல் சொந்தமாக ஏதாவது தொழில் செய்யலாம் என்று எண்ணும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பதும் இந்த வண்டியைத்தான். அப்பாவின் சேமநிதிப் பணம் கைக்கு வரும் வேளையும், 'வரி குறைந்திருக்கிறது, இப்போதே வாங்க வேண்டும்' என்று மகன் சொல்லும் வேளையும் ஒன்றாய் அமைந்துவிட்டால், அந்த வீட்டில் பேச்சு வேறெதுவும் இராது.

அரசாங்கம் ஒரு சலுகையை அறிவித்தால் வண்டி விற்கும் கடையில் என்ன நடக்கிறது, அது முடிந்தபின் என்ன நடக்கிறது என்பதை இன்று பார்ப்போம். இதற்கு நம் அண்டை நாடான தாய்லாந்தின் கதையே பொருத்தமானது. நம் சாலைகளில் ஓடும் இசூசு டிமேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர் போன்ற பிக்கப்புகள் அங்கிருந்து வருகின்றன. உலகிலேயே பிக்கப்பை மிகுதியாகச் செய்யும் நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று.

முதலில் விற்பனை நிலையத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். கண்ணாடிக் கட்டடத்துக்குள் வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்க்கும்போது, கடைக்காரர் பெரும் பணக்காரர் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலும் அவையெல்லாம் கடன் வாங்கி நிறுத்தப்பட்ட வண்டிகள். தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து வண்டியை எடுக்க வங்கியில் கடன் வாங்குவார். வண்டி விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வட்டி ஏறும். ஒரு வண்டியில் அவருக்குக் கிடைக்கும் இலாபமும் நாம் நினைப்பதுபோல் பெரிதன்று. மாதத்துக்கு இத்தனை வண்டி விற்றால் இவ்வளவு ஊக்கத்தொகை என்று நிறுவனம் வைக்கும் இலக்கு, பழுதுபார்க்கும் பட்டறை, உதிரிபாகம், கடனுக்கும் காப்புறுதிக்கும் கிடைக்கும் தரகு ஆகியவற்றைக் கொண்டுதான் கடை நடக்கிறது. தீபாவளிக்கு முன் நம் மளிகைக் கடைக்காரர் கடனுக்குச் சரக்கு எடுத்து அடுக்குகிறாரே, அதைப் போன்றதுதான். தீபாவளி எந்த நாள் என்று அவருக்குத் தெரியும். அரசாங்கச் சலுகை எப்போது வரும், எப்போது போகும் என்பது வண்டிக் கடைக்காரருக்குத் தெரியாது.

இனித் தாய்லாந்துக்குப் போவோம். அங்கே பிக்கப் இவ்வளவு பெருகியதற்குக் காரணமே வரிதான். நாட்டிலேயே செய்யப்படும் பொருளின் மீது, தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போது விதிக்கப்படும் வரியைக் கலால் வரி என்கிறோம். பல ஆண்டுகளாக அங்கே சாதாரணக் காருக்கு இந்த வரி ஏறக்குறைய 30 விழுக்காடு வரை இருந்தது. எத்தனால் கலந்த எண்ணெயில் ஓடுபவை, சிக்கனச் சிறு கார்கள் ஆகியவற்றுக்குச் சற்றுக் குறைவு. நான்கு கதவு பிக்கப்புக்கு 12 விழுக்காடு. இரண்டு கதவு பிக்கப்புக்கோ 3 விழுக்காடுதான். விவசாயிக்கும் சிறு வியாபாரிக்கும் உதவ வேண்டும் என்பது அதன் நோக்கம். நெல் ஏற்றவும், பண்டிகைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகவும், சந்தைக்குக் கடை கொண்டு போகவும் அந்நாட்டுக் கிராமத்து மக்கள் ஒரே பிக்கப்பை வைத்துக்கொண்டார்கள். 2016ஆம் ஆண்டில் அந்த வரிமுறை புகையின் அளவைப் பார்க்கும் முறையாக மாற்றப்பட்டது.

2011ஆம் ஆண்டு ஜூலையில் நடந்த தேர்தலில் திருமதி இங்லக் சினவாத்தின் கட்சி வென்றது. முதன்முறையாக வண்டி வாங்குவோருக்கு வரியைத் திருப்பித் தருவோம் என்பது அக்கட்சியின் வாக்குறுதிகளுள் ஒன்று. அதன்படி 2011 செப்டம்பர் 16 தொடங்கி 2012 டிசம்பர் 31 வரை 'முதல் கார்' திட்டம் நடந்தது. வாங்குபவருக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும். அதற்குமுன் அவர் பெயரில் வண்டி இருந்திருக்கக் கூடாது. வண்டி தாய்லாந்தில் செய்யப்பட்டதாகவும், விலை பத்து லட்சம் பாட்டுக்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டும். கார் என்றால் 1500 சிசிக்குள் இருக்க வேண்டும், பிக்கப்பும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. கட்டிய கலால் வரி, ஒரு லட்சம் பாட் வரை, ஓராண்டு கழித்துத் திருப்பித் தரப்படும். ஐந்து ஆண்டுகளுக்கு வண்டியைப் பிறர் பெயருக்கு மாற்றக் கூடாது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே போடக்கூடிய விழுக்காட்டுக் கணக்குதான் இது. தொழிற்சாலை விலை நான்கு லட்சம் பாட் உள்ள இரண்டு கதவு பிக்கப்பை ஒரு விவசாயி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டும் வரி 3 விழுக்காடு, அதாவது 12,000 பாட். அவருக்குத் திரும்பக் கிடைப்பதும் அவ்வளவே. அதே விலையில் 30 விழுக்காடு வரியுள்ள காரை நகரத்து அலுவலர் ஒருவர் வாங்கினால், வரி 1,20,000 பாட். அவருக்கு உச்ச அளவான ஒரு லட்சம் திரும்பி வரும். முன்பே வரி குறைவாக இருந்தவருக்குச் சலுகையும் குறைவாகவே போயிற்று. கிராமத்து ஏழைக்குப் பயன்படும் வண்டியும் பட்டியலில் இருந்தது உண்மை. பெரும்பங்கு அவரைச் சேரவில்லை என்பதும் உண்மை. சலுகை என்ற சொல்லைக் கேட்டதும் 'யாருக்கு எவ்வளவு?' என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்று நாம் கருதுவது இதனால்தான்.

திட்டம் தொடங்கிய சில வாரங்களில் பெருவெள்ளம் வந்தது. அயுத்தயா வட்டாரத்துத் தொழிற்பேட்டைகள் நீரில் மூழ்கின. ஹோண்டா நிறுவனத்தின் தொழிற்சாலையும் தப்பவில்லை. 2011இல் நாடு முழுவதும் ஏறக்குறைய எட்டு லட்சம் வண்டிகளே விற்றன. வெள்ளம் வடிந்து தொழிற்சாலைகள் ஓடத் தொடங்கியதும், காத்திருந்தவர்களும் சலுகையை நாடியவர்களும் ஒரே நேரத்தில் கடைக்கு வந்தார்கள். 2012இல் விற்பனை 14 லட்சத்தைத் தாண்டியது. அந்நாட்டு வரலாற்றில் அதுவரை கண்டிராத அளவு அது. சலுகைக்கு மனுச் செய்தவர்கள் மட்டும் ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம் பேர்.

அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் விற்பனை நிலையங்கள் திருவிழாக் கடைத்தெருவைப் போல் இருந்தன. டிசம்பர் 31க்குள் பதிவு செய்தால் போதும், வண்டி பிறகு வந்தாலும் சலுகை உண்டு என்று அரசாங்கம் தளர்த்தியதால், வண்டியைக் கண்ணால் காணாமலே பலர் முன்பதிவு செய்தார்கள். கடைக்காரர்கள் புதிய கிளைகள் திறந்தார்கள்; ஆட்களைச் சேர்த்தார்கள்; தொழிற்சாலைகளும் உற்பத்தியைப் பெருக்கின.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. 2012இல் வாங்கிய அத்தனை பேரும் எங்கிருந்து வந்தார்கள்? சலுகை இல்லாவிட்டால் வாங்கியே இருக்க மாட்டார்கள் என்று சொல்லத்தக்கவர்கள் சிலர். மற்றப் பலர் 2013இலோ 2014இலோ வாங்கவிருந்தவர்கள். காலத்தை முன்னால் தள்ளிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நாளைக்கு வெட்ட வேண்டிய குலையை இன்றைக்கே வெட்டினால் இன்றைய எடை கூடும். நாளைக்கு மரத்தில் என்ன இருக்கும்?

2013இல் விற்பனை 13 லட்சமாகச் சற்றே குறைந்தது. அதிலும் ஒரு பகுதி முந்திய ஆண்டின் முன்பதிவு வண்டிகள். 2014இல் ஒன்பது லட்சத்துக்கும் கீழே போயிற்று. 2015இல் எட்டு லட்சம். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. முன்பதிவு செய்தவர்களில் பலர், கடன் கிடைக்காமலோ மனம் மாறியோ, வண்டியை எடுக்க வரவேயில்லை. அவர்களுக்காக வரவழைத்த வண்டிகள் கடைக்காரர் தலையில் நின்றன. வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. விலையைக் குறைத்துத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. புது வண்டியே மலிந்துவிட்டபின் பழைய வண்டியை யார் கேட்பார்கள்? பழைய வண்டிச் சந்தையிலும் விலை சரிந்தது. தவணை கட்ட முடியாதவர்களின் வண்டிகளை நிதி நிறுவனங்கள் இழுத்துவந்து ஏலம் விட்டதால் அது இன்னும் சரிந்தது.

எல்லாப் பழியையும் சலுகைமீதே போடுவதும் நியாயமாகாது. 2014 மே மாதத்தில் அங்கே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதற்குமுன் அரசாங்கத்துக்கு நெல் கொடுத்த விவசாயிகளுக்குப் பல மாதங்கள் பணம் வராமல் இருந்தது. பிக்கப் வாங்குபவர் விவசாயி. அவர் கையில் பணம் இல்லையென்றால் கடையில் பிக்கப் நகராது.

குடும்பங்களின் கடன் பாரம் அதன்பின்னும் குறையவில்லை. 2024இல் தாய்லாந்தின் மொத்த விற்பனை ஏறக்குறைய 5,72,000ஆக இறங்கியது. வாங்க ஆள் இருந்தும் வங்கிகள் கடன் தர மறுத்தன. பிக்கப்புக்குத்தான் அதிக அடி. ஆகவே 2025இல் அரசாங்கம் வேறு வழியை எடுத்தது. பிக்கப் கடனுக்குத் தானே ஒரு பங்கு உத்தரவாதம் அளிக்க முன்வந்தது.

நம் நாட்டிலும் இதைப் போன்ற ஏற்ற இறக்கத்தைக் கண்டிருக்கிறோம். 2018ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று பொருள் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து சுழியமாக்கப்பட்டது. விற்பனை வரி செப்டம்பர் முதல் நாள் வந்தது. இடையில் மூன்று மாதம் வரியில்லாக் காலம். ஆகஸ்டில் 65 ஆயிரம் வண்டிகளுக்கு மேல் விற்றன. செப்டம்பரில் ஏறக்குறைய 31 ஆயிரம். ஆகஸ்டில் விற்பனையாளர் நம்மிடம் பேச நேரமில்லாமல் இருந்தார். செப்டம்பரில் நம்மைத் தேடி வந்தார். சலுகை முடிந்த மறுமாதம் கடைக்காரரே தள்ளுபடி தர இறங்கிவருவது உண்டு என்பதை நாம் நினைவில் வைத்திருக்கலாம்.

இனி நம் வீட்டுக் கணக்கு. ஒரு வண்டிக்கு 60,000 வெள்ளி கடன், ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு வட்டி, ஒன்பது ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நெடுங்காலமாக வழங்கிவந்த தவணைமுறைக் கணக்குப்படி வட்டி மட்டும் 18,900 வெள்ளி. மாதத் தவணை ஏறக்குறைய 730 வெள்ளி. வரிச்சலுகையால் 3,000 வெள்ளி குறைந்து கடன் 57,000 ஆனால், தவணை 694 வெள்ளி. மாதத்துக்கு மிச்சம் 36 வெள்ளி. சலுகைக்காக விரைவதா வேண்டாமா என்பது, அந்த 36 வெள்ளியைப் பற்றிய கேள்விதான். மீதி 694 வெள்ளியை மழைமாதத்திலும், குலை குறைந்த மாதத்திலும், வண்டி பட்டறையில் நிற்கும் மாதத்திலும் கட்டியாக வேண்டும். எண்ணெய், டயர், சாலை வரி, காப்புறுதி எல்லாம் அதற்கு மேலே.

தொழிலுக்கு வேலை உறுதியாகக் கையில் இருந்து வண்டி இன்றைக்கே தேவை என்றால், சலுகைக் காலத்தில் வாங்குவது நல்லதுதான். முன்பணம் கட்டுமுன் மூன்று விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். வண்டி எந்த மாதம் கைக்கு வரும்? அது சலுகை நாளைத் தாண்டினால் கூடுகின்ற வரியை யார் கட்டுவது? வங்கி கடன் தராவிட்டால் முன்பணம் முழுதாகத் திரும்புமா? விற்பனையாளரின் கையெழுத்தும் கடையின் முத்திரையும் அதில் இருக்க வேண்டும்.