பசுமரத்தாணியும் வானொலி அலையும்

1904ஆம் ஆண்டுக் கோடையில், கலிபோர்னியாவின் அட்டாஸ்காடெரோ ராணுவ முகாமில் மண் வறண்டு கிடந்தமையால் களத் தொலைபேசிகளுக்குப் பூமித் தொடர்பு சரிவரக் கிட்டாமற்போகவே, அமெரிக்க சேனையின் செய்தித் துறை அதிகாரியான ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர், அங்கே ஓங்கி நின்ற யூகலிப்டஸ் மரத்தில் ஓர் ஆணியை அறைந்து, அதிலே கம்பியைப் பிணைத்துப் பார்த்தார். ஒலி தெளிந்தது. ஈரத்தைத் தேடி ஆழச் சென்றிருந்த வேர்களே பூமித் தொடர்பாகிவிட்டன என்பது புலனானதும், வானிலே எழும்பி நிற்கும் அதே மரம் ஏரியலாகவும் பயன்படலாகாதோ என்ற அடுத்த கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது.

முதல் உலக யுத்த காலத்தில் அத்துறைக்கே தலைவராக உயர்ந்துவிட்ட அவர், வாஷிங்டனுக்கு அருகே மரங்களின் உயரத்தில் ஆணியறைந்து, வால்வுப் பெருக்கிகளின் துணையால் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள ஐரோப்பிய நிலையங்களின் செய்திகளைக் கேட்டு, 1919இல் அதை உலகறிய வெளியிட்டார். ஆணியிலிருந்து தொங்கிய கம்பிதான் ஏரியல், மரம் அதைத் தாங்கிய வெறுங் கம்பமே என்று ஆட்சேபிக்கவும் இடமுண்டு. அந்த ஆட்சேபத்தின் நியாயத்தை நிறுத்துப் பார்க்க வேண்டுமாயின், மரத்தினுள்ளே மின்சாரம் படும் பாட்டை நோக்க வேண்டும்.

பச்சை மரத்தைக் குறுக்கே அறுத்தால், உலர்ந்த மேற்பட்டையும், அதற்குள் ஈரமான உட்பட்டையும், அடுத்து வேர்நீரை மேலேற்றும் வெளிறும், நடுவே வைரமும் வரிசையாகத் தென்படும். வெளிற்றின் நீரில் பொட்டாசியம், கால்சியம் முதலிய உப்புக்களின் அயனிகள் கரைந்திருப்பதால் அங்கே மின்னோட்டம் ஓரளவு செல்லும். ஆனால் அது செம்புக் கம்பியன்று. ஆதலால் அலையின் சக்தியில் பெரும்பங்கு உஷ்ணமாக வீணாகிவிடும். மரம் ஏரியல்தான், ஆயினும் மட்டமான ஏரியல். அயனிகளன்றி, நீரின் மூலக்கூறுகளும் மின்புலம் திரும்பும் பக்கமெல்லாம் தாமும் திரும்ப முயல்வன. ஒரு பொருள் மின்புலத்துக்கு இப்படி இணங்கும் அளவே மின்புல இசைவு; வெற்றிடத்துக்கு அதை 1 என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த கட்டைக்கு அது சுமார் 2, நீருக்கோ சுமார் 80. எனவே வானொலி அலைக்கு மரமென்பது பெரும்பாலும் அதிலுள்ள நீரேயாகும். குளிர்நாடுகளில் அந்த நீர் உறைந்ததும், மூலக்கூறுகள் திரும்பும் சுதந்திரத்தை இழந்துவிட, அதே மரம் அலைக்கு ஏறக்குறைய மறைந்தே போகிறது.

தனி மரத்தின் இந்தக் குணம் காடு முழுவதும் பரவும்போது விளைவு பெரிதாகிறது. 1960களில் தாய்லாந்துக் காடுகளில் அமெரிக்கர் பரீட்சித்துப் பார்த்தபோது, வெட்டவெளியில் நெடுந்தூரம் பேசும் கருவிகள் மரச்செறிவுக்குள் வெகுவாக வலுவிழப்பது அளவைகளாலேயே தெரியவந்தது. காட்டினூடே நேராகச் செல்ல இயலாத அலை, மேலெழுந்து, இலைக்கூரையும் காற்றும் சந்திக்கும் எல்லையோரமாகவே ஓடி, மறுபடி கீழிறங்கிச் சேருகிறது என்று ஆராய்ச்சியாளர் தியோடர் தமிர் 1967இல் விளக்கினார். 1970களின் தொடக்கத்திலோ ஆராய்ச்சியாளர் கர்ட் இக்ராத் குழுவினர், பனாமாக் காட்டு மரங்களின் அடிப்பாகத்தைச் சுற்றி வளையச் சுருளைப் பூட்டி, ஆணியின்றியே அவற்றை ஏரியலாக்க முயன்றனர்.

இடையூறென்று கருதப்பட்ட ஈரமே இன்று அளவுகோலாகியிருக்கிறது. குறுகிய அலைகள் இலைகளிலேயே சிதறிவிட, நீண்டவை கிளையையும் அடிமரத்தையும் எட்டித் திரும்புவதால், 2025 ஏப்ரலில் ஐரோப்பியர் ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோள் சுமார் 70 சென்டிமீட்டர் அலையாலும், அதே ஆண்டு ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நிசார் செயற்கைக்கோள் சுமார் 24 சென்டிமீட்டர் அலையாலும் காடுகளை ஆராய்கின்றன.

வீட்டு மாடியிலுள்ள டிஷ் வாங்குவதோ, இலையின் ஈரம் மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும் இரண்டரை சென்டிமீட்டர் அலை; எதிரே மரம் தழைத்தால் படம் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. அப்போது அரிவாளைத் தேட வேண்டாம். டிஷ்ஷைச் சில அடி நகர்த்தி வைத்தால் போதும்.