‘லெதார்ஜிக்’ என்றால் சோம்பலா?

மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரின் கேஸ் ஷீட்டில் ‘லெதார்ஜிக்’ என்ற ஆங்கிலச் சொல்லை நாங்கள் எழுதுவதுண்டு. அகராதியைப் புரட்டினால் அதற்குச் சோம்பல், மந்தம், சுறுசுறுப்பின்மை என்றெல்லாம் பொருள் காணலாம். “விடியுமுன் எழுந்து வேலை பார்க்கும் எங்கள் அம்மாவையா சோம்பேறி என்று எழுதியிருக்கிறீர்கள்?” என்று உறவினர் வருந்துவதில் வியப்பில்லை. மருத்துவத்தில் அச்சொல்லின் பொருள் வேறு. அந்த வேறுபாட்டைக் குடும்பத்தினரும் அறிந்திருப்பது, சில வேளைகளில் உயிர் காக்கும்.

சொல்லின் வேர்

இது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். ‘லீத்தே’ என்றால் மறதி. ‘ஆர்கோஸ்’ என்றால் செயலற்ற. பண்டைக்கால மருத்துவர்கள், காய்ச்சலோடு வரும் தெளியாத உறக்கத்தை இப்பெயரால் குறித்தனர். காலப்போக்கில் பொதுவழக்கில் அது வெறும் சுறுசுறுப்பின்மையைக் குறிக்கலாயிற்று. மருத்துவமோ பழைய பொருளை விடவில்லை. அழைத்தால் கண் திறப்பார். ஓரிரு சொற்களில் விடை கூறுவார். அடுத்த நொடியே மீண்டும் கண்ணயர்வார். விழிப்பு குன்றிய இந்த நிலையையே நாங்கள் ‘லெதார்ஜிக்’ என எழுதுகிறோம்.

களைப்பு, அசதி, சோர்வு

“டயர்டாக இருக்கிறது”, “டல்லாக இருக்கிறார்” என்பவை மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் வருவோர் எங்களிடம் அன்றாடம் கூறுபவை. தமிழிலோ இதற்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. தி.நகர்த் துணிக்கடையில் நாள் முழுதும் நின்று பணிபுரிபவருக்கு இரவில் வருவது களைப்பு. நன்கு உறங்கினால் தீரும். காய்ச்சல் விட்டபின் உடம்பில் தங்குவது அசதி. பெரும்பாலும் நாளடைவில் நீங்கும்.

ஓய்வெடுத்தும் வாரக்கணக்கில் நீங்காத சோர்வுக்குக் காரணம் தேட வேண்டும். இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, கட்டுப்பாடற்ற நீரிழிவு, சிறுநீரக நோய், மனச்சோர்வு ஆகியவை இப்படித் தலைகாட்டலாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. இத்தகையோரை வீட்டிலுள்ளோர் சோம்பேறி எனப் பழிப்பது தகாது. புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலை

விழிப்பு குன்றும்போது மட்டும் நாளை பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. மூன்று சூழல்களில் தனிக்கவனம் தேவை.

குழந்தைகள்: இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள நோயுற்ற குழந்தைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த பொதுவான அபாய அறிகுறிகளில் இதுவும் ஒன்று. பால் குடிக்கவோ நீர் அருந்தவோ இயலாமை, உட்கொண்ட அனைத்தையும் வாந்தியெடுத்தல், வலிப்பு ஆகியவை ஏனையவை.

டெங்கு: மழைக்காலச் சென்னையில் மிகுதியாகக் காண்பது இது. 2009ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக்கசிவு ஆகியவற்றோடு இந்த நிலையும் எச்சரிக்கை அறிகுறியாக உள்ளது. மூன்று முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாகக்கூடும். “காய்ச்சல் விட்டுவிட்டது, அசதியில் தூங்குகிறான்” என்று நிம்மதியடையுமுன் எழுப்பிப் பாருங்கள்.

முதியோர்: இரத்த அழுத்தத்துக்கென நீர் பிரியும் மாத்திரை உண்பவருக்குச் சோடியம் குறையலாம். நீரிழிவு மாத்திரை உண்டபின் உணவைத் தவிர்த்தவருக்குச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கலாம். நோய்த்தொற்று காய்ச்சலின்றியும் வரும். தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழிந்தபின்னும் மூளையைச் சுற்றி இரத்தம் தேங்கக்கூடும். இவற்றில் வீட்டார் முதலில் காண்பது ஓயாத உறக்கமாகவும் இருக்கலாம். ஆகவே “வயதாகிவிட்டது” என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எங்களிடம் எப்படிக் கூறுவது?

“டல்லாக இருக்கிறார்” என்பதோடு நிறுத்தாமல், எப்போது தொடங்கியது, நேற்றுவரை செய்த எதை இன்று செய்ய இயலவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் முழுமையாக விழிக்கிறாரா, உங்களை அடையாளம் காண்கிறாரா என்பவற்றைக் கூறுங்கள். “காலையில் தாமே காபி போட்டார், மாலையில் இரண்டு முறை எழுப்பியும் பேச்சின் நடுவே உறங்கிவிட்டார்” என்ற ஒரு வாக்கியம் எங்களுக்குப் பேருதவி. உண்ணும் மாத்திரைகளையும் கையோடு எடுத்து வாருங்கள்.

முழுமையாக விழிக்காதவருக்கு வாய்வழியே நீரோ காபியோ சர்க்கரையோ புகட்ட வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108 எண்ணை அழையுங்கள்.