காந்தளும் குறிஞ்சியும்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்களின் நீண்ட பட்டியல் செங்காந்தளில் தொடங்குகிறது. ஐந்தாவது பெயரே குறிஞ்சி. திணை ஒன்றுதான், தாவரவியல் கணக்கில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

காந்தள் ஒருவித்திலைத் தாவரம். முன்பு அல்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது கோல்ச்சிகேசியே குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியைப் பிடித்துக்கொள்ளும். குறிஞ்சியோ இருவித்திலைப் புதர். அதன் குடும்பம் அகாந்தேசியே. ஆடாதோடையும் கனகாம்பரமும் அதற்குப் பங்காளிகள்.

ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை காந்தளைக் காணலாம். தமிழ்நாட்டின் மாநில மலர், ஜிம்பாப்வேயின் தேசிய மலர். உலக அளவில் அது அழியும் நிலையில் இல்லை என்கிறது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல். ஆனால் கலப்பை வடிவக் கிழங்குக்காகக் காட்டில் தோண்டித் தோண்டி, இந்தியாவில் பல இடங்களில் அது அருகிவிட்டது. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின் கொடிய நஞ்சு. அளவறிந்து கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் கரூர், திண்டுக்கல், திருப்பூர் வட்டார விவசாயிகள் அதை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். விதை நிறையப் பிடிக்க, பூ பூவாகக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். தோட்டத்தில் விளைவதால் காட்டுக் கிழங்குக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கிறது.

குறிஞ்சிக்கு அந்த வாய்ப்பில்லை. அது பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சோலைப் புல்வெளிகளில் வளர்வது. 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை விட்டு, அத்தோடு மடிந்துவிடும். அடியில் காத்திருக்கக் கிழங்கும் கிடையாது. விதைக்கும் முன் ஒரு சரிவு அழிந்தால் அங்கே ஒரு தலைமுறையே போயிற்று. தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் அப்படித்தான் சரிவு சரிவாக எடுத்துக்கொண்டன. கேரளம் 2006இல் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. சிவப்புப் பட்டியல் 2024இல்தான் குறிஞ்சியை அழியும் வாய்ப்புள்ள இனமாகச் சேர்த்தது. இத்தனை புகழ்பெற்ற பூவுக்கு அது மிகத் தாமதம்.

மூணாறு மலைகளில் 2018இல் குறிஞ்சி பூத்தது. அடுத்த பூப்பு 2030இல். அதுவரை அது பூவில்லாத வெறும் புதர். பூத்த ஆண்டில் பேருந்து பேருந்தாய் வந்து பார்த்தவர்களுக்கும் இன்று அது எந்தச் செடி என்று தெரியாது.